வேலி வெட்டும் விசைக்கருவி

பயிரைக் காப்பது வேலி. வேலியைக் காப்பது உழவன். இவ்விரண்டு காவல்களுள் ஒன்று தளர்ந்தாலும் விளைச்சல் வீடு வந்து சேராது. கல்லாலும் கம்பியாலும் அமைத்த வேலியைக் கட்டி முடித்தவுடன் வேலை தீர்ந்துவிடும். செடியாலும் மரத்தாலும் அமைந்த உயிர்வேலியோ வளர்ந்துகொண்டே இருக்கும். வளர்வதால் ஆண்டுதோறும் அதை வெட்டிச் சீராக்க வேண்டியிருக்கிறது. நெடுங்காலம் வெட்டரிவாளும் கவைக்கம்பும் செய்துவந்த இவ்வேலையை இன்று டிராக்டரில் பொருத்திய விசைக்கருவி ஒன்று செய்யத் தொடங்கியிருக்கிறது. அது எவ்வாறு இயங்குகிறது, அதனால் விளையும் ஆபத்துகள் யாவை, அவற்றை எவ்வாறு தவிர்ப்பது என்பவற்றை மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு விளக்குவதே இப்பேச்சின் நோக்கம். உங்களுள் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். அண்ணனோ சித்தப்பாவோ டிராக்டர் ஓட்டும்போது அருகில் நிற்பவர்கள். ஆதலின் இது பாடநூலுக்கு அப்பாற்பட்டதாயினும் உங்களுக்கு மிகவும் வேண்டிய பாடமாகும்.

முதலில் வேலியைப் பற்றிச் சிறிது காண்போம். தூத்துக்குடி மாவட்டத்தில் நிலத்துக்கு நிலம் வேலி மாறுபடும். கரிசல் காட்டில் உடைமுள்ளையும் இலந்தைமுள்ளையும் வெட்டி அடைத்த முள்வேலியைக் காணலாம். தேரியின் செம்மணற்பகுதியில் பனைமட்டை வேலி மிகுதி. தோட்டக்கால்களில் திருகுகள்ளி, கொம்புக்கள்ளி, நொச்சி, ஆடாதோடை, பூவரசு ஆகியவை உயிர்வேலியாக நிற்கும். முத்தையாபுரம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றைத் தாங்கி வளரும் செடிகளே வேலிக்கு உதவும். கொங்கு நாட்டில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி வளர்க்கும் முள்கிளுவை வேலி புகழ்பெற்றது. ஆடு புகாமலும், மாடு வெளியேறாமலும் அது தலைமுறை தலைமுறையாகக் காத்து நிற்கிறது.

வேலியின் வரலாற்றில் நம் உப்பளத்து மக்கள் அறிய வேண்டிய வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் வட இந்தியாவின் குறுக்கே சுங்க எல்லை ஒன்று இருந்தது. உப்பின் மீது விதித்த வரியைத் தவறாமல் பெறுவதற்காக அமைத்த எல்லை அது. 1869-ஆம் ஆண்டளவில் அது சிந்து நதிப் பகுதியிலிருந்து ஒரிசா வரை ஏறத்தாழ 2,300 மைல் நீண்டது. ஏறத்தாழ 12,000 பேர் அதைக் காவல் செய்தனர். அந்த எல்லையின் பெரும்பகுதியில் சுவருக்குப் பதிலாக முள்வேலி வளர்த்தார்கள். கருவேல், இலந்தை, களா, சப்பாத்தி, கள்ளி ஆகிய நாமறிந்த செடிகளே அவ்வேலியில் இருந்தன. நன்றாக வளர்ந்த இடங்களில் 12 அடி உயரமும் 14 அடி அகலமும் கொண்டிருந்ததாம். 1867 முதல் 1870 வரை உள்நாட்டுச் சுங்கத்துறை ஆணையராக இருந்து இவ்வேலியை வளர்ப்பதில் முனைந்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம். பின்னாளில், 1885-இல், காங்கிரஸ் மகாசபை தோன்ற முன்னின்ற அதே ஹ்யூம்தான். 1879-இல் அச்சுங்க எல்லை கைவிடப்பட்டது. அதன்பின் வேலியும் கவனிப்பாரற்று அழிந்தது. நாட்டின் குறுக்கே நின்ற பெருவேலியே பேணுவோர் இல்லாமல் மறைந்துபோயிற்று என்றால், நம் தோட்டத்து வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ?

இனி, வேலியை வெட்டுவது ஏன் என்பதைப் பார்ப்போம். வெட்டாத வேலி உயரத்தில் பெருகும், அடியில் மெலியும். ஒளி மேற்பகுதிக்கே கிடைப்பதால் அடிக்கிளைகள் உலர்ந்து, ஆடு நுழையும் வழிகள் உண்டாகும். நுனியை வெட்டினால் கீழிருக்கும் மொட்டுகள் விழித்தெழுந்து பக்கக் கிளைகள் தோன்றும், வேலி நெருக்கமாகும். நுனிமொட்டு சுரக்கும் ஆக்சின் என்னும் பொருள் கீழ்மொட்டுகளை அடக்கி வைக்கிறது என்று தாவர நூலில் நீங்கள் படித்திருப்பீர்கள். வேலி வெட்டும் உழவன் அந்நூலைப் படியாமலே அவ்வுண்மையைக் கையாளுகிறான். சாலையோர வேலிக்கு மற்றொரு காரணமும் உண்டு. திருப்பத்தில் வேலி மண்டினால் எதிரே வரும் பேருந்து தெரியாது. அங்கே வெட்டாத வேலி உயிரைக் குடிக்கும்.

கைவேலையில் ஒருவர் இடக்கையில் கவைக்கம்பால் முள்ளை ஒதுக்கிக்கொண்டு, வலக்கையில் வெட்டரிவாளால் வெட்டுவார். முள் தைக்கும், ஆனால் அரிவாள் கையின் வேகத்துக்கு மேல் போகாது. நிறுத்த நினைத்தால் அந்தக் கணமே நிற்கும். இயந்திரமோ நிறுத்த நினைத்த கணத்தில் நிற்பதில்லை. கைக்கருவிக்கும் விசைக்கருவிக்கும் உள்ள தலையாய வேறுபாடு இதுவே. இன்று நான் கூறப்போகும் எச்சரிக்கைகளுள் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறப்பவை.

டிராக்டர் வெறும் இழுவை வண்டியாக மட்டும் இருந்த காலம் ஒன்று உண்டு. அதன் எஞ்சின் விசையைப் பின்னே பொருத்திய கருவிக்குச் சுழலும் தண்டின் வழியாக அனுப்பும் அமைப்பு, 1918-இல் அமெரிக்காவின் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் டிராக்டரில் விற்பனைக்கு வந்தது. நம் ஓட்டுநர்கள் பி.டி.ஓ. என்று சொல்லுவது இதைத்தான். அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் என்ற பொறியாளர், கருவியை மூன்று முனைகளில் பிணைத்து ஹைட்ராலிக் விசையால் உயர்த்தித் தாழ்த்தும் மும்முனை இணைப்பை 1930-களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இவ்விரண்டும் சேர்ந்த பின்னரே டிராக்டர், உழுவதோடு நில்லாமல் வெட்டவும் அரைக்கவும் தெளிக்கவும் வல்ல பல்தொழில் வேலையாளாயிற்று.

வேலி வெட்டும் கருவியின் உள்ளே நீண்ட உருளை ஒன்று படுத்திருக்கும். அவ்வுருளையைச் சுற்றிலும் பல சிறு கத்திகள் தொங்கும். அவை உருளையோடு இறுகப் பற்றவைத்தவை அல்ல; முளையில் கீல்போல் மாட்டப்பட்டவை. உருளை நிற்கும்போது கத்திகள் தளர்ந்து தொங்கும். சுழலும்போது வெளிநோக்கிய விசையால் விறைத்து நிற்கும். முன்னாளில் மேலைநாட்டார் கதிரடிக்க, நீண்ட கோலின் நுனியில் சிறு தடியொன்றைத் தோல்வாரால் பிணைத்துச் சுழற்றி அடிப்பார்கள். அதன் பெயரையே ஆங்கிலத்தில் இக்கருவிக்கும் இட்டார்கள். கீல் அமைத்ததில் நுட்பம் உண்டு. கல்லிலோ அடிமரத்திலோ மோதினால் கத்தி பின்னே மடிந்து விலகும். உடைந்து பறக்கும் வாய்ப்பு குறையும். குறையுமே தவிர இல்லாமற் போகாது என்பதை நினைவிற் கொள்க.

இக்கருவியில் இரு வகை உண்டு. டிராக்டரின் பின்னே தரையோடு செல்லும் வகை தாழ்ந்த புதரையும் களையையும் அரைத்துத் தூளாக்கும். மல்சர் என்று விற்பனையாளர் கூறுவது இவ்வினத்தைச் சேர்ந்தது. மற்றொன்று, யானையின் துதிக்கை போன்ற நீண்ட கையின் நுனியில் வெட்டும் பெட்டியைத் தாங்கியது. அது பக்கவாட்டில் நீண்டு, வேலியின் பக்கத்தையும் உச்சியையும் சீவும். இரண்டும் அரிவாள்போல் அறுப்பதில்லை. வேகத்தால் அடித்துச் சிதைக்கின்றன. இதனால்தான் அவற்றுக்கு அத்தனை வேகம் வேண்டியிருக்கிறது. அந்த வேகமே ஆபத்துக்கும் ஊற்றுக்கண்.

சிறிது கணக்குப் போடுவோம். டிராக்டரின் விசைத்தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழலுவது உலகப் பொது அளவு. 60-ஆல் வகுத்தால் ஒரு விநாடிக்கு 9 சுற்று. தண்டின் விட்டம் 7 செண்டிமீட்டர் என்று கொள்வோம். அதன் சுற்றளவு 22 செண்டிமீட்டர். ஒரு விநாடியில் அது 198 செண்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ 2 மீட்டர் துணியைச் சுருட்டிக்கொள்ளும். நான்கு முழ வேட்டி ஒன்று ஒரே விநாடியில் அதன்மேல் சுற்றிக்கொள்ளும் என்பது இதன் பொருள். மனிதன் ஓர் ஆபத்தை உணர்ந்து கையை அசைக்க ஏறத்தாழ முக்கால் விநாடி ஆகும். அதற்குள் ஒன்றரை மீட்டர் போய்விட்டது. "பட்டால் இழுத்துக்கொள்ளலாம்" என்று எண்ணுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையை நாம் வேடிக்கையாகச் சொல்வோம். சுழலும் தண்டருகே வேட்டியோடு போவது அதனினும் பன்மடங்கு கொடியது. ஓணானை உதறிவிடலாம், தண்டை உதற முடியாது.

ஆதலின் முதல் விதி உடையைப் பற்றியது. வேட்டி, கைலி, தோள்துண்டு, தொங்கும் தாவணி, சேலை முந்தானை, கழுத்தில் தொங்கும் கயிறு ஆகிய எதனோடும் சுழலும் தண்டின் அருகே செல்லலாகாது. உடலோடு பொருந்திய காற்சட்டையும் பொத்தானிட்ட சட்டையும் வேண்டும். தண்டின்மேல் பிளாஸ்டிக் உறை ஒன்று வரும். தண்டு சுழலும்போதும் அது சுழலாமல் நிற்கும்படி சிறு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கும். பல இடங்களில் அவ்வுறை உடைந்தபின் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். சில நூறு ரூபாயைப் பார்த்து ஒரு கையை இழக்கத் துணிவது சிக்கனமாகாது. இயங்கும் தண்டைத் தாண்டிச் செல்லுவதும் கூடாது. சுற்றி நடப்பதற்கு ஆகும் பத்து விநாடி யாருடைய வாழ்விலும் குறைந்துவிடாது.

இரண்டாவது ஆபத்து எறிபொருள். விசைத்தண்டின் சுழற்சியைப் பற்சக்கரமும் பட்டையும் பெருக்கி, வெட்டும் உருளையை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 முறை சுழலச் செய்கின்றன. கத்தி நுனிகளுக்கு இடையே குறுக்களவு 40 செண்டிமீட்டர் ஆனால், நுனியின் வேகம் விநாடிக்கு 42 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டர். கிரிக்கெட் ஆட்டத்தில் மிக வேகமான பந்து வீச்சாளர் எறியும் வேகம் அது. பந்துக்குப் பதிலாக 50 கிராம் எடையுள்ள கூழாங்கல் அவ்வேகத்தில் புறப்பட்டால் அதன் இயக்க ஆற்றல் 44 ஜூல். ஒரு கிலோ எடைக்கல்லை நாலரை மீட்டர் உயரத்திலிருந்து தலையில் போடுவதற்கு அது சமம். காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிடில், அக்கல் 180 மீட்டர் தூரம் செல்ல வல்லது. கருவியின் முன்னும் பின்னும் தொங்கும் தடித்த ரப்பர் மடிப்புகள் இக்கல்லைத் தடுக்கவே அமைந்தவை. அவை கிழிந்திருந்தால் கருவியை வெளியே எடுக்கக் கூடாது. ஆட்கள் 50 மீட்டருக்குள் வந்தால் வேலையை நிறுத்துவது நல்ல வழக்கம்.

கல்லைவிடக் கொடியது கம்பி. பழைய முள்கம்பித் துண்டு உருளையில் சிக்கினால் சாட்டைபோல் வீசும். அறுந்தால் அம்பாய்ப் பாயும். நம் கடற்கரைப் பகுதியில் இன்னொரு வகைச் சிக்கல் உண்டு. பழைய மீன்வலையை வேலியாகக் கட்டும் வழக்கம் இங்கே இருக்கிறது. செடி வளர்ந்து மூடியபின் வலை கண்ணுக்குத் தெரியாது. உருளையில் நைலான் வலை சுற்றிக்கொண்டால் அதை அறுத்தெடுக்க ஓட்டுநர் கையை உள்ளே விடுவார். அங்கேதான் விபத்து காத்திருக்கிறது. ஆதலின் வேலை தொடங்கும்முன் வேலியின் இருபுறமும் நடந்து பார்க்க வேண்டும். கம்பி, வலை, புட்டி, கல், சங்கோடு, எல்லைக்கல், குழாய் ஆகியவற்றை அகற்ற வேண்டும். அகற்ற முடியாதவற்றின் அருகே கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்ட வேண்டும். இந்நடையே அன்றைய வேலையின் முதற்பகுதி என்று கருத வேண்டும்.

மூன்றாவது ஆபத்து கவிழ்தல். இதற்கு நெம்புகோல் தத்துவமே போதும். எடுத்துக்காட்டாக, 2,000 கிலோ எடையுள்ள டிராக்டரின் எடைமையம் ஒருபுறச் சக்கரத்திலிருந்து 0.8 மீட்டர் உள்ளே இருப்பதாகக் கொள்வோம். டிராக்டரை நிலைநிறுத்தும் திருப்புத்திறன் 1,600. அப்புறமாக நீட்டிய 300 கிலோ கையின் எடைமையம் சக்கரத்துக்கு வெளியே 2 மீட்டரில் இருந்தால், கவிழ்க்கும் திருப்புத்திறன் 600. அதாவது சமதரையிலேயே நிலைத்தன்மையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. இனிச் சக்கரம் வரப்பில் ஏறினாலோ, தேரி மணலில் புதைந்தாலோ, உப்பளக் கரையின் ஓரம் சரிந்தாலோ எஞ்சியதும் போகும். எனவே சரிவில் கையை முழுதும் நீட்டலாகாது. நீட்டிய கையுடன் விரைவாகத் திரும்பலாகாது. சாலையில் செல்லும்போது கையை மடக்கிப் பூட்டிச் செல்ல வேண்டும்.

ஓட்டுநரைச் சுற்றி உறுதியான எஃகுச் சட்டம் இருந்தால், டிராக்டர் கவிழ்ந்தாலும் அவர் நசுங்குவதில்லை. சுவீடன் நாடு 1959-இலேயே புதிய டிராக்டர்களுக்கு இச்சட்டத்தைக் கட்டாயமாக்கியது. அங்கே கவிழ்ந்து இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. நம் வயல்களில் ஓடும் டிராக்டர்கள் பெரும்பாலானவற்றில் நிழலுக்கான மெல்லிய கூரையே இருக்கிறது. அது வெயிலைத் தாங்கும். டிராக்டரின் எடையைத் தாங்காது. எஃகுச் சட்டம் இருக்குமிடத்தில் இருக்கைப் பட்டியும் அணிய வேண்டும். பட்டி இல்லையேல் சட்டத்துக்கு வெளியே தூக்கி எறியப்பட்டு, அச்சட்டத்தின் அடியிலேயே அகப்பட நேரும். மட்கார்டின்மேல் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. வேலி வெட்டும்போது மட்டுமன்று, எப்போதுமே அது கூடாது. ஒருவருக்கு உரிய இருக்கையில் ஒருவரே அமர வேண்டும்.

நான்காவது ஆபத்து தலைக்கு மேலே உள்ளது. வயல்களின் ஓரமாக 11,000 வோல்ட், 22,000 வோல்ட் மின்கம்பிகள் செல்லுகின்றன. ஓட்டுநரின் கண் வெட்டும் பெட்டியைப் பார்க்கும். உயர்ந்து செல்லும் கையின் முழங்கையைப் பாராது. உயர் அழுத்த மின்சாரம் தொடாமலே சிறு இடைவெளியைத் தாவி வரக்கூடியது. கம்பியின் கீழ் உள்ள வேலியைக் கையரிவாளுக்கும், அதுவும் மின்வாரியத்திடம் தெரிவித்து மின்சாரத்தை நிறுத்திய பின்னரே, விட்டுவிடுவதுதான் அறிவுடைமை. தவறிக் கை கம்பியில் பட்டுவிட்டால் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கலாகாது. இயன்றால் கையைத் தாழ்த்தியோ வண்டியை நகர்த்தியோ விடுபட வேண்டும். தீப்பற்றியது போன்ற காரணத்தால் இறங்கியே தீர வேண்டுமாயின், டிராக்டரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி, இரு கால்களையும் சேர்த்துத் தொலைவில் குதிக்க வேண்டும். பின் காலைத் தூக்காமல், சேர்த்தபடியே சிறு நகர்வாக விலகிச் செல்ல வேண்டும். எட்டி நடந்தால் இரு பாதங்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகி, உடல் வழியே மின்சாரம் பாயும். காப்பாற்ற ஓடி வருவோர் டிராக்டரைத் தொடவே கூடாது.

ஐந்தாவது ஆபத்து, மேலைநாட்டுக் கையேடுகள் பெரிதாகப் பேசாதது. நமக்கோ மிக நெருங்கியது. அதுதான் கள்ளிப்பால். திருகுகள்ளியையும் கொம்புக்கள்ளியையும் அரிவாளால் வெட்டினால் பால் வடியும். விசைக்கருவியால் அடித்தால் அது நுண்துளியாகச் சிதறிக் காற்றில் பரவும். கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் வீக்கமும் உண்டாகும். சில நாட்கள் பார்வையே மங்கக்கூடும். ஆகவே கள்ளிவேலியை இக்கருவியால் வெட்டாதிருப்பதே நன்று. வெட்ட நேர்ந்தால் கண்ணை முற்றும் மூடும் கண்ணாடி அணிந்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று வேலை செய்ய வேண்டும். பால் பட்டுவிட்டால் தூய நீரால் நெடுநேரம் கழுவி, காலம் தாழ்த்தாமல் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். முள் தைத்த புண்ணையும் அற்பமென்று விடலாகாது. இசிவுநோய்த் தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, எல்லா விதிகளிலும் தலையாயது ஒன்று உண்டு. வண்டியை விட்டு இறங்கும்முன் நான்கு செயல்களைச் செய்ய வேண்டும். கைப்பிரேக்கைப் போடுக. விசைத்தண்டின் இணைப்பை விலக்கி, வெட்டும் பெட்டியைத் தரையில் அமர்த்துக. எஞ்சினை நிறுத்துக. சாவியை எடுத்துச் சட்டைப்பையில் இடுக. அதன்பின் உருளை முற்றும் ஓயும்வரை காத்திருக்க வேண்டும். எஞ்சின் நின்றாலும் உருளை உடனே நிற்பதில்லை. சடத்துவத்தால் சுழன்றுகொண்டே இருக்கும். ஓசை ஓய்ந்தது என்று நம்பிக் கைவிட்டவர்களே பெரும்பாலும் விரல் இழக்கிறார்கள். சாவியை எடுப்பது ஏன் என்று சிலர் கேட்பார்கள். ஒருவர் பெட்டிக்குள் சிக்கிய முள்ளை எடுத்துக்கொண்டிருக்கும்போது, வேறொருவர் அறியாமல் எஞ்சினைக் கிளப்பிவிடாதிருக்கவே அது.

முத்துக்குளித்துறையின் பழைய வழக்கம் ஒன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனால் அத்தொழிலின் ஒழுங்கு மறக்கத்தக்கதன்று. நீரில் மூழ்குபவரின் கயிற்றைத் தோணியில் ஒருவர் பிடித்திருப்பார். கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும். அதுவரை அவர் கண்ணும் கருத்தும் கயிற்றிலேயே இருக்கும். மூழ்குபவரின் உயிர் அவர் கையில். வேலி வெட்டும் இயந்திரத்துக்கும் இத்தகைய துணையாள் வேண்டும். சாலையோரத்தில் சிவப்புக் கொடியுடன் நிற்கவும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளையும் அதிகாலையில் உப்பளத்துக்கு நடந்து செல்லும் தொழிலாளரையும் தடுத்து நிறுத்தவும், ஓட்டுநர் காணாததைக் கண்டு கைகாட்டவும் அவர் தேவை. ஓட்டுநர் அவரை எப்போதும் காணக்கூடிய இடத்தில் அவர் நிற்க வேண்டும். அவர் கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஓட்டுநர் உடனே நிறுத்த வேண்டும். எஞ்சின் ஓசையில் வாய்ச்சொல் எடுபடாது. ஆதலின் நிறுத்து, செல், உயர்த்து, தாழ்த்து என்ற நான்குக்கும் கைச்சைகைகளை முன்னரே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

கருவியைப் பேணுவதிலும் நம் கடற்கரைக்கு ஒரு தனிக்கவனம் வேண்டும். உப்புக்காற்று இரும்பை அரிக்கும். கத்தியை மாட்டிய முளையும் மரையாணியும் வெளியே நன்றாகத் தோன்றி உள்ளே இற்றிருக்கலாம். நாள்தோறும் வேலைக்குமுன் அவற்றைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கத்தி தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் உருளையின் சமநிலை கெட்டு அதிரும். எதிர்ப்புறக் கத்தியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வழக்கத்துக்கு மாறான அதிர்வு தோன்றினால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். ஹைட்ராலிக் குழாயில் எண்ணெய் கசிகிறதா என்று கையால் தடவிப் பார்க்கலாகாது. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். புண் சிறிதாகத் தோன்றினாலும் அறுவை மருத்துவம் வேண்டியிருக்கும். அட்டையொன்றைக் காட்டிக் கசிவை அறியலாம். பெட்டியை உயர்த்தி அதன் அடியில் வேலை செய்வதாயின், ஹைட்ராலிக் விசையை மட்டும் நம்பாமல் மரக்கட்டையோ தாங்கியோ முட்டுக் கொடுக்க வேண்டும்.

கருவி எதை வெட்டும், எதை வெட்டாது என்பதையும் அறிய வேண்டும். ஓராண்டு வளர்ந்த இளங்கிளைகளுக்கே வேலி சீவும் கருவி உரியது. பெருவிரல் பருமனுக்கு மேற்பட்ட கிளையை அது வெட்டாது, பிளந்து நாராக்கும். அவ்வாறு சிதைந்த நுனி வழியே பூச்சியும் பூசணமும் புகும். பருத்த கிளையை இரம்பத்தால் அறுப்பதே முறை. வேலியை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சீவினால் வேலிக்கும் நலம், கருவிக்கும் நலம், ஓட்டுநருக்கும் நலம். பல ஆண்டு விட்டுவிட்டு ஒரே நாளில் அடக்க முயல்வதே பல விபத்துகளுக்குத் தொடக்கம்.

இங்கே சீமைக் கருவேலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்கக் கண்டத்துக்குரிய இம்முள்மரம் 1877-ஆம் ஆண்டில் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் நடப்பட்டது. விறகுக்கும் வேலிக்கும் என்று வரவேற்ற மரம், இன்று தூத்துக்குடி, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் கண்மாயையும் ஓடையையும் தரிசையும் நிறைத்து நிற்கிறது. வேலியே பயிரை மேய்ந்தது என்ற பழமொழிக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 2017-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றுமாறு ஆணையிட்டது. 2022-இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி நிலத்தை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. இம்மரத்தை விசைக்கருவியால் மேலோடு அடித்து நொறுக்கினால் ஒழிந்துவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. அடிக்கட்டையில் உறங்கும் மொட்டுகள் பல தண்டுகளாக எழும். ஒரு மரம் நின்ற இடத்தில் ஒரு புதர் நிற்கும். வேரின் மேற்பகுதியோடு தோண்டி எடுத்து, அவ்விடத்தில் நாட்டு மரங்களை நட்டுப் பேணினாலன்றி அது ஒழியாது. காய் முற்றியபின் அடிப்பதோ விதையைப் பரப்புவதாகும். சிதறிய முள் காலையும் சக்கரத்தையும் துளைக்கும். மிதிவண்டியில் பள்ளி செல்லும் உங்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. சாலையில் விழுந்த முள்ளைப் பெருக்கி அகற்றும்வரை வேலை முடிந்ததாகக் கொள்ளலாகாது.

வேலி பயிருக்கு மட்டும் காவலன்று, சிற்றுயிர்களுக்கு வீடு. கொண்டைக்குருவியும் தவிட்டுக்குருவியும் அதில் கூடு கட்டும். ஓணானும் கீரியும் பாம்பும் அதில் உறையும். பூச்சியைத் தின்று பயிரைக் காக்கும் இவ்வுயிர்கள் வேலியில் தங்குவது உழவனுக்கும் ஆதாயம். கைவேலை செய்பவர் கூட்டைக் கண்டால் அந்தக் கிளையை விட்டு அடுத்ததை வெட்டுவார். இயந்திரத்துக்குக் கண் இல்லை. ஆதலின் முன்னரே நடந்து பார்க்கும்போது கூடு இருக்குமிடத்தையும் குறித்து, அவ்விடத்தை விட்டுச் செல்ல வேண்டும். வேலியின் ஒரு பக்கத்தை இவ்வாண்டும் மறுபக்கத்தை அடுத்த ஆண்டும் வெட்டுவது சிறந்த முறை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், தரை இறுகி இருக்கும் புரட்டாசியில் வெட்டினால் சக்கரம் வழுக்காது. மழையோடு வேலியும் தளிர்க்கும்.

இந்தியாவில் கதிரடிக்கும் விசைக்கருவிகள் பரவியபோது எத்தனையோ உழவர்கள் கையை இழந்தார்கள். அதன் விளைவாகவே 1983-ஆம் ஆண்டில் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. இழந்த கைகளுக்குப் பின்னரே சட்டம் வந்தது என்பதை நாம் மறக்கலாகாது. புதிய கருவி ஒவ்வொன்றும் நம் ஊருக்கு வரும்போது, சட்டம் வரும்வரை காத்திராமல் அறிவு முந்திக்கொள்ள வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையிடமோ, கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி போன்ற நிலையங்களிலோ கேட்டறிந்து, கையேட்டைப் படித்து, பயிற்சி பெற்றவரே இக்கருவியைத் தொட வேண்டும்.

அந்த அறிவு முந்துவதற்கு நீங்கள் உதவலாம். கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் படித்து வீட்டிலுள்ள ஓட்டுநருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். தண்டின் உறை உடைந்திருந்தால் தந்தையிடம் தயங்காமல் கூறுங்கள். 9 சுற்று, 22 செண்டிமீட்டர், 2 மீட்டர் என்ற கணக்கைத் தரையில் எழுதிக் காட்டுங்கள். வகுப்பறையில் படித்த திருப்புத்திறனும் சடத்துவமும் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுபவை அல்ல. ஒரு விரலையோ ஓர் உயிரையோ காக்க அவை பயன்படுமானால், படித்ததன் பயன் அதனினும் பெரிது வேறில்லை. வேலி பயிரைக் காக்கட்டும். அறிவு அந்த வேலியைப் பேணும் கைகளைக் காக்கட்டும்.